துறையிடைப் படிப்பு என்றால் என்ன, ரெண்டு டிகிரியா?

வேளச்சேரிக்காரி:
பி.எஸ்சி. தாவரவியல், கடைசி வருஷம். மேற்படிப்பு தேடினால் 'பல்துறை', 'துறையிடை' என்று மாறி மாறிப் போட்டிருக்கிறார்கள். ரெண்டும் ஒன்றுதானா? எனக்குப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பற்றிப் படிக்க ஆசை. 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற கறை எங்கள் ஹால் சுவரில் ஸ்விட்ச் போர்டுக்கு மேலே இன்னும் தெரிகிறது, அம்மா ரெண்டு தடவை பெயின்ட் அடித்தும் போகவில்லை. ஏன் வந்தது என்று கேட்டால் சிவில் படித்த மாமா வடிகால் சரியில்லை என்கிறார், எங்கள் மேடம் சதுப்புநிலம் சுருங்கியதுதான் என்கிறார், வரலாறு படிக்கும் தோழி முதலில் நிலப் பதிவேட்டைப் பார் என்கிறாள். மூன்றையும் படிக்க வேண்டும் என்றால் வீட்டில் "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்" என்று சிரிக்கிறார்கள்.

தரமணி டீக்கடை:
ஒன்றில்லை. உங்கள் மாமா, மேடம், தோழி மூவரும் ஆளுக்கொரு கட்டுரை எழுதி ஒரே புத்தகமாக பைண்ட் பண்ணினால் அது பல்துறை. பழைய பதிவேடுகளில் சதுப்பைத் 'தரிசு' என்று எழுதிவைத்த வழக்கத்தைத் தோழி காட்டி, அதனால் மாமா வடிகால் கணக்கையே திருப்பிப் போட வேண்டி வந்தால் துறையிடை.

எங்கள் பேட்டையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். இன்னும் யாரும் உறுதியாகப் படித்துக் காட்டாத சிந்துவெளி நாகரிக எழுத்தில், முத்திரைகளிலும் மற்றவற்றிலும் இருக்கிற 417 குறிகளைப் பிரித்து, எது எதற்குப் பக்கத்தில் வருகிறது என்பதை எல்லாம் கம்ப்யூட்டர் உதவியோடு தொகுத்து 1977இல் வெளியிட்டார். கணினி அறிவியல்காரர், வானியற்பியல்காரர், தரமணி கணித அறிவியல் நிறுவனத்து இயற்பியல்காரர் என்று ஒரு கூட்டம் அவரோடு சேர்ந்து, அந்தத் தரவை வைத்து 2009இல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை போட்டது. ஒரு குறி வந்தால் அடுத்த குறியை எவ்வளவு ஊகிக்கலாம் என்று அளந்தார்கள். தாறுமாறும் இல்லை, ஒரே அச்சும் இல்லை, மனித மொழிகள் விழுகிற இடத்தில் விழுந்தது. சரி, முடிந்ததா என்றால் இல்லை. 'அந்த இடத்தில் விழுந்தால் மொழியாகிவிடுமா?' என்று மொழியியல் பக்கத்திலிருந்து சண்டைக்கு வந்தார்கள். எது ஆதாரம் என்பதிலேயே துறைக்குத் துறை கருத்து வேறு. பாடத்திட்டத்தில் இந்தச் சண்டையைச் சொல்லித்தருவதில்லை, ஆனால் வேலையே அதுதான்.

நொந்த முதுகலை:
தங்கச்சி, ஆசையெல்லாம் சரி, பட்டத்தின் பேரைப் பார்த்துச் சேரு. என் சான்றிதழில் மூன்று துறை சேர்ந்த நீளமான பேர். ஒரு நேர்காணலில் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எதற்குச் சமம்?" என்று கேட்டார்கள். நம் மாநிலத்தில் எந்தப் பட்டம் எதற்குச் சமம் என்று அரசாணை போடுவார்கள், அதில் என் பட்டத்தின் பேர் இல்லை. மார்க்கைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

தரமணி டீக்கடை:
இவர் சொல்வது உண்மை. ஆனாலும் உயிர்வேதியியலும் ஒரு காலத்தில் ரெண்டு துறைக்கு நடுவில் கிடந்ததுதானே, இன்றைக்குத் தனிக் கட்டடம், தனி வாட்ச்மேன். ஆனால் அது நடக்கும் வரை காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை, அதனால் தாவரவியலை விடாதீர்கள். காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மகரந்தத்தின் வெளிச்சுவர் ஆயிரக்கணக்கான வருஷம் அழியாமல் கிடக்கும். குழாய் இறக்கி எடுத்த சேற்றை அடுக்கடுக்காகப் பார்த்தால் எப்போது என்ன செடி இருந்தது என்று சொல்லலாம். அதை மாமாவும் தோழியும் செய்ய முடியாது, நீங்கள் செய்யலாம். அப்புறம் அவர்கள் ரெண்டு பேரையும் உட்காரவைத்துச் சண்டை போடுங்கள்.

வேளச்சேரிக்காரி:
மகரந்தம் போன செமஸ்டர் பேப்பரில் இருந்தது, சாய்ஸில் விட்டேன்! எம்.எஸ்சி. தாவரவியலுக்கே போட்டுவிட்டு, பள்ளிக்கரணையை ப்ராஜெக்டில் பிடிக்கிறேன். 2022இலிருந்து ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று பட்டியலில் சேர்த்த இடம் என்பதால் உள்ளே சேறு எடுக்க வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், மேடத்திடம் நாளைக்கே கேட்கிறேன். அண்ணா, அந்த அரசாணைப் பட்டியல் இருந்தால் இங்கேயே போடுங்கள்.