அம்மாவின் ரத்த ரிப்போர்ட்: குடும்பக் குழுவில்

அண்ணன்: அம்மாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது, படம் அனுப்பியிருக்கிறேன். ஹீமோகுளோபின் 10.8, ஹீமாட்டோகிரிட் 33. இரண்டும் குறைவு என்று குறித்திருக்கிறார்கள். சித்தி, கொஞ்சம் பாருங்களேன்.

அம்மா: வயதானால் ரத்தம் குறையத்தானே செய்யும்.

சித்தி: இல்லை அக்கா, வயதின் மேல் பழி போடாதே. பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கர்ப்பிணிகளுக்கு மட்டும் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடிவிடுவதால் கொஞ்சம் இறங்கும். வயதானவர்களுக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது.

நான்: ஹீமாட்டோகிரிட் என்றால் என்ன சித்தி?

சித்தி: ரத்தத்தை மெல்லிய குழாயில் எடுத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் எல்லாம் அடியில் படிந்துவிடும், மேலே வெளிர் மஞ்சளாக பிளாஸ்மா நிற்கும். மொத்தத்தில் அந்தச் சிவப்புப் பகுதி எத்தனை சதவீதமோ அதுதான். சில லேபில் பிசிவி என்று போடுவார்கள். பெண்களுக்கு ஏறக்குறைய 36 முதல் 46, ஆண்களுக்கு 40 முதல் 50, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், அதனால் அவரவர் தாளில் அச்சடித்திருக்கும் வரம்பைப் பாருங்கள். பெரும்பாலும் ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் இது வந்துவிடும். 10.8-க்கு 32.4, தாளில் 33. இரண்டும் ஒத்துப்போகிறது, லேபில் தப்பு நடந்த மாதிரி தெரியவில்லை.

அண்ணன்: எனக்குப் போன மாதம் ஹீமோகுளோபின் 17.8 வந்ததே, அது நல்லதுதானே?

சித்தி: அப்போது வயிற்றுப்போக்கில் கிடந்தாயே! உடம்பில் நீர் வற்றினால் அணுக்கள் கூடாமலே எண் ஏறும். இப்போது ஒருமுறை எடுத்துப் பார், அப்போதும் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டு. சரி, அம்மா ரிப்போர்ட்டில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, எவ்வளவு?

அண்ணன்: 72.

சித்தி: 80-லிருந்து 100 வரை இருக்க வேண்டும். சிவப்பணு சிறுத்திருக்கிறது. இரும்புச்சத்து தீர்ந்தாலும் இப்படி ஆகும், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா என்ற பரம்பரைக் கூறு இருந்தாலும் ஆகும். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா?

நான்: போன வருடம் எடுத்தது இருக்கிறது. ஹீமோகுளோபின் 13.1, எம்சிவி 88.

சித்தி: அப்படியென்றால் பிறவியிலேயே வந்தது இல்லை, இடையில் இறங்கியிருக்கிறது. ஃபெரிட்டின் பார்த்தால் இரும்பு எவ்வளவு கையிருப்பு என்று தெரிந்துவிடும்.

நான்: அதுவரை இரும்பு மாத்திரை கொடுக்கவா?

சித்தி: அவசரப்படாதே. மாதவிடாய் நின்ற பிறகு இரும்பு குறைகிறது என்றால், இரைப்பையிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வெறும் மாத்திரை போட்டால் எண் ஏறிவிடும், காரணம் உள்ளேயே இருக்கும். அக்கா, அந்த முழங்கால் வலி மாத்திரையை இன்னும் தினமும் போடுகிறாயா?

அம்மா: போடாவிட்டால் படி ஏற முடியவில்லையே.

சித்தி: மலம் கறுப்பாக, தார் மாதிரி போகிறதா?

அம்மா: நாலைந்து நாளாக அப்படித்தான். இதையெல்லாம் குழுவில் எப்படிச் சொல்வது.

சித்தி: வலி மாத்திரையால் இரைப்பை புண்ணாகி ரத்தம் கசிந்தால் மலம் இப்படித்தான் கறுக்கும். அந்த மாத்திரையை இனிமேல் தொடாதே. இன்றைக்கே, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்: வண்டியை எடுத்துவிட்டேன். அம்மா, தனியாகப் படி இறங்காதே, நான் மேலே வருகிறேன்.