சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்றால் ரத்தம் ஊறுமா?

ஆரல்வாய்க்காற்று:
அத்தைக்கு ஹீமோகுளோபின் 8.5. டாக்டர் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, வாட்ஸாப்பில் வந்த ஒரு காணொளியை நம்பி ஒரு மாதமாகச் சப்பாத்திக்கள்ளிப் பழச்சாறு குடிக்கிறார். “பார்க்க ரத்தம் மாதிரியே இருக்கு, ஊறாதா?” என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முட்டத்துப் பையன்:
ஊறும் அண்ணாச்சி. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தேரி மணல்மேட்டில் பறித்துத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். மணலில் போட்டுப் புரட்டினால் பொடி முள் உதிரும். அப்புறம் பிளந்து, நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்தெறிய வேண்டும். எங்களில் ஒருவனுக்கும் ரத்தசோகை கிடையாது.

கோட்டாறு லேப்:
அது தினமும் தின்ற சாளை மீனும் அயலை மீனும் செய்த வேலையாக இருக்கும்! பழத்தின் சிவப்பு பீட்டாலைன் என்ற நிறமி. பீட்ரூட்டில் இருப்பதும் அதுதான். நிறைய தின்றால் சிறுநீரும் சிவக்கும், பயந்துபோய் லேபுக்கு வருவார்கள். 100 கிராம் பழத்தில் இரும்பு சுமார் 0.3 மில்லிகிராம். நம் நாட்டுப் பெண்களுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் அளவு நாளுக்கு 29 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட பத்து கிலோ தின்ன வேண்டும். அவ்வளவு விதையை விழுங்கினால் மலம் இறுகி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

மருந்துவாழ்மலை அடிவாரம்:
இரும்பை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி? மக்னீசியம், நார்ச்சத்து, வைட்டமின் சி எல்லாம் இருக்கிறதே. மெக்சிகோவில் இந்தக் கள்ளியின் தட்டையான மடலைக் கறி வைத்துத் தின்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வே வந்திருக்கிறது. சங்கப் பாட்டிலேயே கள்ளி உண்டு, நம் முன்னோர் அறியாததா?

கோட்டாறு லேப்:
நார்ச்சத்தும் வைட்டமின் சியும் சரி. முருங்கைக்கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அந்த வைட்டமின் உதவும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகள் சிலரை மட்டும் வைத்துச் செய்தவை. கொடுத்ததும் மடல், பழச்சாறு அல்ல. அதுவும் அவர்கள் தோட்டத்தில் வளர்க்கும் இனம், நம் தரிசில் நிற்பது வேறு. சங்கக் கள்ளி பால் வடியும் கள்ளி. இதைக் கீறிப் பாருங்கள், பாலே வராது. இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. காடாகப் பரவி, அதை அழிக்க 1926இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்துவிட்ட கதையும் உண்டு.

மருந்துவாழ்மலை அடிவாரம்:
எங்கிருந்து வந்தால் என்ன? மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) அங்கிருந்து வந்ததுதான். அது வேகாத வீடு நம் குமரி மாவட்டத்தில் உண்டா?

கோட்டாறு லேப்:
மரச்சீனியை யாரும் பாட்டிலில் அடைத்து ‘ரத்தம் ஊறும்’ என்று விற்கவில்லையே.

முட்டத்துப் பையன்:
பாட்டில்காரன் கதை எனக்குத் தெரியாது. பழம் நல்ல பழம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆரல்வாய்க்காற்று:
எல்லாவற்றையும் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். மாத்திரையைத் திரும்பவும் போட ஒப்புக்கொண்டார், ஆனால் பழச்சாற்றில்தான் விழுங்குவாராம்.

முட்டத்துப் பையன்:
நட்சத்திர முள்ளை எடுக்கிறாரா என்று கேளுங்கள் மக்கா.