மாடி வீடு, எழுபத்திரண்டு வயது அம்மா: ஏசி வாங்கலாமா?

பாலாற்றங்கரை:
வேலூர் சத்துவாச்சாரியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு மேலே வீடு இல்லை, மொட்டை மாடிதான். கத்திரி இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் ராத்திரி பதினொரு மணிக்குச் சுவரைத் தொட்டால், அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தோசைக்கல் இருக்குமே, அந்தச் சூடு. அம்மாவுக்கு 72 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால், ஈரத்துண்டைத் தரையில் விரித்துப் படுத்திருக்கிறார்.

இத்தனை வருஷமாக ஏசி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று பார்த்தேன். எப்போதும் மணலாகக் கிடக்கும் ஆறு, கரை கொள்ளாமல் போகிறது. கூட்டத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு அடிவயிறு கலங்கியது. மழை வந்தால் இப்படி, வெயில் வந்தால் அப்படி என்று பருவநிலையைப் பற்றி அன்று பிடித்த கவலை. அதிலிருந்து மக்கும் குப்பையைத் தொட்டியில் போடுவது, ஆபீசுக்குப் பஸ்ஸில் போவது எல்லாம். (வீட்டில் என் பெயர் 'பசுமை அம்மன்'.)

பக்கத்து வீட்டு ஏசியின் அனல் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேராக வீசுகிறது. நாளைக்கு நானும் அதையேதானே செய்யப்போகிறேன்? என்ன செய்யட்டும்?

சுண்ணாம்புக்காரர்:
மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தாயிற்றா அம்மா? பகல் முழுக்கக் குடித்த வெயிலைத்தான் கான்கிரீட் ராத்திரியில் கக்குகிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பில் பெவிகால் கலந்து, தளத்தைக் கூட்டிக் கழுவிய பிறகு, வெயில் தாழ்ந்ததும் இரண்டு கோட் அடியுங்கள். மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். திருச்சியில் என் வீட்டில் பன்னிரண்டு வருஷமாக இதுதான். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கம்ப்ரசர்:
அக்கா, நான் ஏசி மெக்கானிக். கரண்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஏசிக்குள் சுற்றிக் குளிர வைக்கும் கேஸைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய ஏசி மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் ஆர்-22 என்ற கேஸ் இருந்தால், அது ஒரு கிலோ கசிந்து காற்றில் கலப்பது சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஓசோனுக்கும் கேடு. இப்போது பரவலாக வரும் ஆர்-32 அதில் பாதிக்கும் குறைவு, 675. ஆர்-290 என்பது புரொப்பேன், அதன் பாதிப்பு இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, ஆனால் தீப்பிடிக்கும் வாயு. தெரிந்த ஆள்தான் மாட்ட வேண்டும்.

வாடகை வீடு என்கிறீர்கள். காலி செய்யும்போது 'பம்ப் டவுன் பண்ணிக் கழற்று' என்று கேட்டு வாங்குங்கள். கேஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அவசரத்தில் வால்வைத் திறந்து புஸ்ஸென்று விடுகிறவர்கள் எங்கள் ஆட்களிலேயே உண்டு. 26-ல் வைத்து மின்விசிறியும் போடுங்கள், போதும்.

ராத்திரி டியூட்டி:
நான் நர்ஸ். பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் பிரிய வைப்பவை. வெயில் காலத்தில் அளவு மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஏசி விவாதம் அப்புறம்.

பாலாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு ஒரு மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். சுண்ணாம்பு அடித்தோம். சுவர்ச்சூடு தணிந்தது நிஜம், ஆனால் கத்திரி பிறந்த மூன்றாம் நாள் அம்மா மறுபடி தரையில். வாங்கிவிட்டோம், ஆர்-32, அம்மா அறைக்கு மட்டும். 26-ல் வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அணைத்துவிடுகிறார், பில் ஏறுமாம்!

வெளி யூனிட்டை யார் ஜன்னலுக்கும் நேராக இல்லாமல் தெருப்பக்கம் மாட்டச் சொன்னேன். செம்புக்குழாய் இரண்டு மீட்டர் கூடுதலாகப் பிடித்தது. மாட்ட வந்தவர், "இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்களே மேடம்" என்றார்.