சொல் தேடல்: சைக்கிள் ஓடும்போது சப்பாத்துக்கு மேல் மாட்டும் மூடி

கல்லடியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

சைக்கிள் பராமரிப்புச் சொற்பட்டியலில் 'ச' வரிசைக்கு வந்திருக்கிறோம். மழையில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் அன்றாடச் சப்பாத்தின் மேல் இழுத்து மாட்டும் மூடிக்கு முந்தைய வரைவில் 'காலணியுறை' என்று இருக்கிறது. எனக்கு இது ஒப்பவில்லை. காலுறை என்றால் சொக்ஸ். 'காலுறையை மாற்றுங்கள், காலணியுறையைக் கழற்றுங்கள்' என்று அடுத்தடுத்து எழுதினால் வாசிப்பவர் தடுமாறுவார்.

இன்னொன்று, உறை என்றால் முழுதாக உள்ளே வைத்து மூடுவது. தலையணை உறை, கத்தி உறை. இந்தப் பொருளுக்கோ அடி திறந்திருக்கிறது. திறந்துதான் இருக்கவேண்டும். சப்பாத்தின் அடி நேரே பெடலில் பட்டால்தான் பிடிப்பு. இடையில் நனைந்த துணி வந்தால் கால் வழுக்கும். சொப்பிங் பையைச் சப்பாத்துக்கு மேல் கட்டிக்கொண்டு ஓடுவது ஆபத்து என்பதும் இதனால்தான். வழுக்குவது ஒருபுறம், தளர்ந்த முடிச்சு செயினில் மாட்டினால் ஆளே விழவேண்டியதுதான்.

வேறு சொல் சொல்லுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து

> உறை என்றால் முழுதாக உள்ளே வைத்து மூடுவது

தங்கச்சி சொல்வது சரி. ஆனால் சொல்லுக்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் இவை இரண்டு. ஒன்றுக்குத் தனக்கென்று றப்பர் அடி உண்டு. சப்பாத்தோடு காலை அதற்குள் நுழைத்து நடந்தும் போகலாம். மற்றதற்கு முன்பாதத்தின் கீழே பெரிய திறப்பு, குதிக்கு முன்னால் குறுக்கே ஒரு வார், அவ்வளவுதான். முதலாவதை 'மேற்சப்பாத்து' என்னலாம். அது உண்மையிலேயே சப்பாத்துக்கு மேல் ஒரு சப்பாத்து. இரண்டாவதற்கு நான் முன்வைப்பது 'சப்பாத்துச் சட்டை'. சட்டைக்குத் திறப்பு இருப்பது இயல்பு. பாம்பு சட்டை உரிக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். இதையும் குதியிலிருந்து உரித்துத்தான் எடுக்கிறோம்.

வரையறையில் செய்முறையும் வரவேண்டும் என்பது என் வேண்டுகோள். கடையில் வரும் நியோப்பிறீன் (நுரை றப்பர்) சட்டை 3 மில்லிமீற்றர் தடிப்பு, குளிர்நாட்டுக்காகச் செய்தது. நமக்கு மாரியில் தொல்லை குளிரல்ல, ஈரம். அந்தத் தடிப்புக்குள் கால் வியர்த்து, மழையில் நனைந்ததைவிடக் கூடுதலாக நனையும். பழைய மழைக்கோட்டுத் துணியே போதும். உயரம் கணுக்காலுக்கு மேல் 12 முதல் 15 சென்ரிமீற்றர். மூட்டுத் தையல் குதியின் பின்னால் வரட்டும். முன்னால் வைத்தால் தெறிக்கும் தண்ணீர் நேரே ஊசித்துளைகளில் அடிக்கும். றப்பர் பூசிய துணியென்றால் தையலின் உட்பக்கத்தில் ரியூப் ஒட்டும் சொலூசனை மெல்லியதாகப் பூசி, விரலில் இழுபடாத அளவுக்குக் காயவிட்டு, 2 சென்ரிமீற்றர் பட்டியொன்றை அழுத்தி ஒட்டவேண்டும். ஈரச் சொலூசனில் ஒட்டினால் பட்டி நகர்ந்துவிடும். பிளாஸ்ரிக் கோட்டில் சொலூசன் பிடிக்கவே பிடிக்காது, காய்ந்த பிறகு தோலாக உரிந்து வரும்.

முதலில் கிழிவது இரண்டு இடம். ஒன்று கணுக்காலின் உட்பக்கம், பெடல் கை உரசுவதால். மற்றது சப்பாத்து மூக்கின் கீழ்விளிம்பு, நிற்கும்போதெல்லாம் காலை ஊன்றுவதால். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிறவல் வீதியில் இது இன்னும் வேகமாகத் தேயும். இரண்டிலும் பழைய ரியூப் துண்டை இரட்டைத் தையலில் வைக்கவேண்டும்.

கடைசியாக, காற்சட்டையின் கால், சப்பாத்துச் சட்டைக்கு வெளியே விழவேண்டும். கிடுகு மேயும்போது மேல்வரி கீழ்வரியின் மேல் படிவதுபோல. காற்சட்டையை உள்ளே சொருகினால் காலில் வழியும் மழை முழுவதும் சப்பாத்துக்குள் இறங்கும், சட்டை அதை வெளியேறவும் விடாது.

ஆரையம்பதியிலிருந்து

'அரணம்' என்ற சொல்லை யாரும் எண்ணவில்லையே. சங்கப் பாட்டில் வணிகர் அணிந்த காலணியை 'அடிபுதை அரணம்' என்றிருக்கிறது. 'சப்பாத்தரணம்' எப்படி?

எழுதிவிட்டுப் பார்க்கையில் எனக்கே ஒரு தடை தெரிகிறது. அங்கே அரணம் என்றது காலணியையே, அதன் மேல் மூடியை அல்ல. சம்மாந்துறைக் காக்கா சொன்ன 'சப்பாத்துச் சட்டை'யை எந்தக் கடையிலும் வாய்விட்டுக் கேட்கலாம். ஆகவே விட்டுவிடுகிறேன். 'சப்பாத்து' போர்த்துக்கேயச் சொல்லாயிற்றே என்று யாரும் தயங்கவேண்டாம். போர்த்துக்கேயர் நம் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டியது 1628இல், ஒல்லாந்தரிடம் இழந்தது 1638இல். சொல் மட்டும் நம்மோடு நின்றுவிட்டது.

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கவேண்டும். வாவிக்கரை வழியில் உவர்நீர் பட்ட தோல் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய்க் கோடு விழும். சுவருக்குச் சொல்வதுபோல இதற்கும் 'உப்புப் பூத்தல்' என்றே வைப்போம். காயமுன்பே நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைக்கவேண்டும். காய்ந்தபின் மேலே பொலிஷ் போட்டால் உப்பு உள்ளேயே இருந்து, மடியும் இடத்தில் தோல் வெடிக்கும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து

சட்டைக்கு என் ஒப்புதல். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாவிட்டால் அந்தப் பதிவு அரைகுறையாகத்தான் இருக்கும். பின்சில்லு முதுகை நனைக்கும்; காலை நனைப்பது முன்சில்லு. நிலத்தைத் தொட்ட ரயர் தண்ணீரைத் தாழ்வாகப் பின்னோக்கி வீசுகிறது, அந்த வழியில்தான் இரண்டு பெடலும் இருக்கின்றன. மட்காட் சில்லின் பின்பக்கம் பாதியிலேயே முடிந்துவிடுவதால், அதன் கீழே தொங்கவிடும் துண்டுதான் சப்பாத்துக்கு முதல் காவல். இதற்கு யாரோ 'சேற்றுநாக்கு' என்று எழுதியிருக்கிறார்கள். சப்பாத்தில் கயிற்றுக்குக் கீழே இருப்பதும் நாக்கு. ஒரே பக்கத்தில் இரண்டு நாக்கு வேண்டாம், 'சேற்றுமடல்' என்போம். காதுமடலைப்போல அகன்று தொங்குவது.

பிளாஸ்ரிக் எண்ணெய்க் கானின் பக்கத் தகடு இதற்கு வாய்ப்பானது. மேலே மட்காட்டின் அகலம், கீழே 10 முதல் 12 சென்ரிமீற்றர். நிலத்திலிருந்து 8 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் படிக்கட்டிலோ மணலிலோ இடறி மடிந்து சில்லுக்குள் போகும். வெறும் ரியூப் றப்பர் காற்றில் பின்னால் பறந்துவிடுகிறது, அதனால் பயனில்லை.

துளையைக் கத்தியால் குத்தாதீர்கள். கத்தி வெட்டின் இரண்டு முனையிலும் வெடிப்பு ஓடத் தொடங்கும், ஆட ஆட நீளும், ஒரு மாரிக்குள் மடல் கழன்றுவிடும். ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் குறட்டால் பிடித்துக் குத்தினால் பிளாஸ்ரிக் உருகி, துளையைச் சுற்றிச் சின்ன வளையமாகத் தடித்து நிற்கும். அந்தத் தடிப்புத்தான் வெடிப்பைத் தடுக்கிறது. இரண்டு துளை, 5 மில்லிமீற்றர் போல்ட், இருபக்கமும் அகலமான வாஷர்.

கல்லடியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. காக்காவின் சொல்லையே எடுத்து இப்படிப் பதிகிறேன்:

'சப்பாத்துச் சட்டை: சைக்கிள் ஓடும்போது மழைக்கும் உரசலுக்கும் காப்பாகச் சப்பாத்தின் மேல் மாட்டுவது, பெடல் படும் இடம் திறந்தது, அடிவாரால் இழுத்துப் பிடிக்கப்படுவது. தன் அடியுடையதற்கு மேற்சப்பாத்து பார்க்க. தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கச் சேற்றுமடல் பார்க்க.'

'அடிவார்' நான் சேர்த்தது. செருப்பு வார் எல்லோருக்கும் தெரியும், புதிதாகப் படிக்க எதுவுமில்லை. இந்த வார் குதிக்கும் பெடலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் இருக்கவேண்டும் என்பதையும் எழுதுவேன். முன்னால் நகர்ந்தால் பல்லுள்ள இரும்புப் பெடல் அதைக் கடித்து அறுத்துவிடும்.

நனைந்த சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்து, தாள் நனைந்ததும் மாற்றி, நிழலில் காயவைப்பது பற்றிய குறிப்பு 'உலர்த்தல்' பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. அடுப்படியில் வைத்தால் அடி ஒட்டிய பசை விட்டுப்போகும் என்பதை மட்டும் அதில் சேர்க்கிறேன். 'உப்புப் பூத்தல்' 'உ' வரிசைக்குப் போகிறது.