உதவி: புரோபுக்கு வெளியே ஒரு நியூரான்கூட விழ மாட்டேங்குது

காட்பாடி_மாணவி:
அவசரம், நாளைக்கு கைடுகிட்ட காட்டணும். எலி மூளைக்குள்ள புரோப் (சிக்னல் பதிவு பண்ற மெல்லிய சிலிக்கான் ஊசி) இறக்கி எடுத்த பதிவுல நியூரான் எங்கெங்க இருக்குன்னு கணக்கு போட்டேன். எல்லாப் புள்ளியும் புரோபோட நடுக்கோட்டுலயே குவியுது. ஏன்?

சத்துவாச்சாரி:
என்ன புரோப்? எந்த முறை? ஃபில்டர் போட்டீங்களா?

ராணிப்பேட்டை_எலக்ட்ரானிக்ஸ்:
முதல்ல எர்த் பாரும்மா. இந்த வெயில்ல எர்த் குழி மண்ணு காஞ்சு ரெசிஸ்டன்ஸ் ஏறிடும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் எல்லா சேனல்லயும் ஒரே அளவுல ஏறினா எல்லாம் நடுவுலதான் தெரியும். குழியில தண்ணி ஊத்திட்டு மறுபடி எடு.

காட்பாடி_மாணவி:
புரோப் நியூரோபிக்சல்ஸ் 1.0, 384 சேனல். 300 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதுக்குக் கீழ உள்ளதை வெட்டுற ஃபில்டர்) போட்டாச்சு அண்ணா, 50 ஹெர்ட்ஸ் அதுலயே போயிடும். முறை சென்டர் ஆஃப் மாஸ்.

மூத்த_உறுப்பினர்:
இதை முதல் பதிவுலயே எழுதியிருக்கணும். அடிப்படையைப் படிக்காம மென்பொருளை ஓட்டுறதே இப்ப வழக்கமாயிடுச்சு. ஸ்பைக்கோட (நியூரான் விடுற மின் துடிப்பு) வீச்சை எடையா வெச்சு, சேனல்களோட இடத்துக்கு எடுக்குற சராசரிதான் சென்டர் ஆஃப் மாஸ். சராசரி கான்டாக்ட்களை (புரோப் மேல இருக்குற பதிவுப் புள்ளிகள்) தாண்டி வெளியே போகவே போகாது. ஷாங்க் (புரோபோட ஊசித் தண்டு) அகலமே 70 மைக்ரான். செல் பக்கவாட்டுல எவ்வளவு தள்ளி இருந்தாலும் அதுக்குள்ளதான் விழும்.

சத்துவாச்சாரி:
மோனோபோல் ஃபிட் பண்ணுங்க. செல்லை ஒரு புள்ளியா வெச்சு, தூரம் கூடக்கூட வீச்சு அதே விகிதத்துல குறையும்னு பக்கவாட்டு, ஆழம், புரோபுலேர்ந்து தூரம், பலம் நாலையும் கண்டுபிடிக்கணும். ஸ்பைக்இன்டர்ஃபேஸ்ங்கற மென்பொருள்ல மோனோபோலார் ட்ரையாங்குலேஷன்னு இருக்கு. வீச்சு எடுத்தது ஒயிட்டனிங்குக்கு (சேனல்களுக்கு இடையில உள்ள பொதுவான ஒற்றுமையை நீக்குற படி) முன்னாடியா, பின்னாடியா? பின்னாடின்னா பக்கத்து சேனல்கள்ல பரவியிருந்த வீச்சு சுருங்கிடும், ஃபிட் தப்பா வரும்.

பாலாறு:
அப்பவும் செல் புரோபுக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரியாதே. கான்டாக்ட் எல்லாம் ஒரே தளத்துல இருக்கு, 30 மைக்ரான் முன்னாடி இருந்தாலும் பின்னாடி இருந்தாலும் சமன்பாட்டுக்கு ஒண்ணுதான்.

மூத்த_உறுப்பினர்:
சமன்பாட்டுக்கு ஒண்ணு, சிலிக்கானுக்கு அப்படி இல்ல. ஷாங்க் மின்சாரத்தைக் கடத்தாது. பின்னாடி செல்லோட சிக்னலை மறைச்சிடும். பதிவாகுறது பெரும்பாலும் முன்பக்கம்தான்.

பாலாறு:
அகலமான ஷாங்க்குன்னா சரி சார். 70 மைக்ரான்ல பக்கவாட்டுல சுத்தி வந்துடாதா? நான் முன்பக்கம்னு எழுத மாட்டேன், தூரம்னு மட்டும்தான் எழுதுவேன்.

மூத்த_உறுப்பினர்:
குறையும்னுதான் சொல்றேன், பூஜ்யம்னு சொல்லல.

ராணிப்பேட்டை_எலக்ட்ரானிக்ஸ்:
எர்த்தையும் விட்டுடாதீங்க. நான் வேணா வந்து எர்த் மெகர் (எர்த் ரெசிஸ்டன்ஸ் அளக்குற கருவி) வெச்சுப் பாத்துத் தரேன்.

காட்பாடி_மாணவி:
ஒயிட்டனிங்குக்கு முந்தின வீச்சுல மோனோபோல் ஓட்டினேன். ரெண்டு பக்கமும் பரவிடுச்சு, ஆழம் அவ்வளவா மாறல. ரொம்ப நன்றி.

சத்துவாச்சாரி:
ஒவ்வொரு ஸ்பைக்குக்கும் எத்தனை மைக்ரான் சுத்துவட்ட சேனல்களை எடுத்தீங்க? அதையும் போடுங்க, அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.