எக்சைட்டோடாக்சின்: ‘நரம்பு நச்சு’ போதாது

> குயினோலினிக் அமிலத்தை ‘நரம்பு நச்சு’ என்றே எழுதிவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம். எக்சைட்டோடாக்சின் (excitotoxin) என்ற சொல்லுக்கு நாம் தேடும் தமிழ்ச்சொல் பற்றித்தான் இந்த மடல். குயினோலினிக் அமிலம் அந்த வகைப் பொருள்.

புரியும் என்பது சரிதான். ஆனால் நாகப்பாம்பின் விடமும் நரம்பு நச்சுதான். அது நரம்பின் கட்டளை தசைக்குப் போகாமல் தடுக்கிறது. குயினோலினிக் அமிலம் செய்வது நேரெதிர் வேலை. நரம்புச் செல்லின் மேல் செய்தியை வாங்கும் புரதமான என்.எம்.டி.ஏ. ஏற்பியில் ஒட்டிக்கொண்டு செல்லை ஓயாமல் தூண்டுகிறது. கால்சியம் மளமளவென்று உள்ளே புகுந்து செல் சாகிறது. நரம்புச் செல்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் குளூட்டமேட்டைக் கொடுத்த சுண்டெலிகளின் மூளையில் 1969-இல் இப்படிப்பட்ட சேதத்தைக் காட்டிய ஆய்வாளர் ஜான் ஓல்னிதான் இதற்கு எக்சைட்டோடாக்சின் என்ற தனிப்பெயரும் வைத்தார். தமிழிலும் தனிப்பெயர் வேண்டும்.

இன்னொன்று, இது வெளியிலிருந்து வரும் விடம் அல்ல. பால், முட்டை, பருப்பில் உள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடலே செய்துகொள்வது. டிரிப்டோபானில் சிறு பங்குதான் மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் ஆகிறது. பெரும்பகுதி கைனுரெனின் என்ற பொருளாக மாறும் பாதையில் போகிறது. மூளைக்குள் அந்தப் பாதை பிரிகிறது. நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் கைனுரெனிக் அமிலம் செய்கின்றன. அது அதே ஏற்பியை அடைத்துச் செல்லைக் காக்கிறது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாக்கள் குயினோலினிக் அமிலம் செய்கின்றன. அதிலிருந்தும் செல்லின் ஆற்றல் வேலைக்குத் தேவையான என்.ஏ.டி. என்ற பொருள் உருவாகிறது, ஆக அளவோடு இருந்தால் அதுவும் வேண்டியதே. தலையில் பலமாக அடிபட்டு அழற்சி கிளம்பும்போது டிரிப்டோபானைக் கைனுரெனின் பாதையில் தள்ளும் ஐ.டி.ஓ. நொதி முடுக்கப்பட்டு, தராசு குயினோலினிக் பக்கம் சாய்கிறது. இதையெல்லாம் ‘நச்சு’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால், அடிபட்டவரின் வீட்டார் “அப்போ பாலையும் முட்டையையும் நிறுத்திடணுமா?” என்றுதான் கேட்பார்கள். அந்த பயத்தை நம் சொல் உண்டாக்கக் கூடாது.

சென்ற மடலில் நம் குழுவின் அம்மா ஒருவர் இதற்குத் தந்த ‘கிளர்நச்சு’ என்ற சொல் நறுக்கென்று இருக்கிறது. ஆனால் ‘கிளர்’ என்றதும் செய்தித்தாள் படிப்பவர்க்குக் கிளர்ச்சி, போராட்டம்தான் நினைவுக்கு வரும். நச்சும் அப்படியே நிற்கிறது.

என் பரிந்துரை: பொருளுக்குத் தூண்டியழிப்பி, நிகழ்வுக்குத் தூண்டலழிவு. தூண்டித் தூண்டியே அழிப்பது என்று சொல்லே வேலையைச் சொல்லிவிடுகிறது. குளூட்டமேட்டுக்கும் அது மிகும் இடத்தில் பொருந்தும். எதிரணியில் இருக்கும் கைனுரெனிக் அமிலத்துக்கு ‘ஏற்பித் தடுப்பி’ போதும். ‘நரம்புக் காப்பி’ மட்டும் வேண்டாம், குடிக்கும் காப்பியோடு குழம்பும்.

கைனுரெனின் என்ற பெயரை ஒலிபெயர்ப்பாகவே விடலாம். 1853-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் நாயின் சிறுநீரில் கைனுரெனிக் அமிலத்தைக் கண்டதால் வந்த பெயர் அது. பொருள் பெயர்த்தால் யாருக்கும் உதவாது.

‘தூண்டலழிவு’ வாயில் தடுக்குகிறது என்றால் ‘தூண்டழிவு’ என்று சுருக்கலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.