ஒயிட் கேத்தோடு ஃபாலோயர்: லோடு போட்டால் மேல் பாதி மட்டும் முறிகிறது

கேள்வி

வணக்கம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று கட்டியிருக்கிறேன். கடைசிக் கட்டம் ஈசிசி88 வால்வில் (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோட்) ஒயிட் கேத்தோடு ஃபாலோயர், அதாவது ஒயிட் என்பவர் பெயரில் வழங்கும் சர்க்யூட்: ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ட்ரையோட், நடுவிலிருந்து அவுட்புட். ஹெச்டி (வால்வுக்கான உயர் டிசி சப்ளை) 200 வோல்ட், ஓய்வில் 15 மில்லி ஆம்பியர். மேல் ட்ரையோடின் ஆனோடில் 1 கிலோ ஓம், அங்கிருந்து 0.22 மைக்ரோ ஃபாரட் வழியாகக் கீழ் ட்ரையோடின் கிரிட்டுக்கு சிக்னல் போகிறது.

லோடு இல்லாமல் ஸ்கோப்பில் 30 வோல்ட் உச்சி வரை அழகான சைன் அலை. 300 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால், 5 வோல்ட் பக்கம் மேல் பாதி மட்டும் முறிந்து சரிகிறது. கீழ்ப் பாதிக்கு ஒன்றும் ஆவதில்லை. வால்வை மாற்றியும் அதே கதைதான். கணக்குப்படி அவுட்புட் இம்பிடன்ஸ் (லோடு பக்கமிருந்து பார்த்தால் ஆம்பின் உள் தடை) வெறும் 8 ஓம். அப்படியிருக்க 300 ஓமுக்கே ஏன் திணறுகிறது? மூன்று வாரமாக இதோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பதில் 1

கீழ் கேத்தோடின் பைபாஸ் கண்டென்சரைப் பாருங்கள். காய்ந்து போயிருக்கலாம்.

கேட்டவர்

புதிது அண்ணா. கழற்றி அளந்தும் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது.

பதில் 2

தம்பி, கண்டென்சரை விடுங்கள். அந்த 1 கிலோ ஓம்தான் வில்லங்கம்.

மேல் ட்ரையோடில் 1 மில்லி ஆம்பியர் கூடினால் அந்த ரெசிஸ்டரில் 1 வோல்ட் விழும். அது அப்படியே கீழ் கிரிட்டுக்குப் போகிறது. ஈசிசி88-ன் ஜிஎம், அதாவது கிரிட்டில் 1 வோல்ட் மாறினால் மாறும் கரண்ட், வோல்ட்டுக்கு 12.5 மில்லி ஆம்பியர். கீழ் ஆனோடு வோல்டேஜ் ஏறுவதால் கொஞ்சம் கழிந்தாலும், கீழே 11 மில்லி ஆம்பியர் குறைந்துவிடும். ஆக, மேலே 1.35 கூடுவதற்குள் கீழே இருந்த 15-ம் தீர்ந்து கட்-ஆஃப், கீழ் ட்ரையோடில் கரண்டே ஓடாது. அந்த நேரத்தில் லோடில் ஓடுவது 16 சொச்சம் மில்லி ஆம்பியர். 300 ஓமில் 4.9 வோல்ட். நீங்கள் பார்த்த முறிவு அதுதான். அதைத் தாண்டினால் மேல் ட்ரையோட் தனி ஆள். இம்பிடன்ஸ் 8-லிருந்து 107 ஓமுக்குத் தாவிவிடும்.

உங்கள் 8 ஓம் கணக்கு தப்பில்லை. உள் ஃபீட்பேக்கை (மேல் ஆனோடிலிருந்து கீழ் கிரிட்டுக்குப் போகும் சிக்னலை) கூட்டினால் இம்பிடன்ஸ் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஃபீட்பேக்கால் கரண்டை உண்டாக்க முடியாது. இரண்டு ட்ரையோடும் சமமாக உழைக்க வேண்டுமென்றால் ரெசிஸ்டர் இப்படி வர வேண்டும்: ஆர்பி-யோடு (ட்ரையோடின் உள் ரெசிஸ்டன்ஸ்) லோடின் இரு மடங்கைக் கூட்டி மியூவால் (ட்ரையோடின் பெருக்க எண்) வகுக்க வேண்டும். 2640 + 600, வகுத்தல் 33, ஏறக்குறைய 98. 100 ஓம் போடுங்கள். இம்பிடன்ஸ் 35 ஓமுக்கு ஏறும், ஏறட்டும். 300-க்கு அது போதும். உச்சி 30 மில்லி ஆம்பியர், அதாவது 9 வோல்ட் கிடைக்கும்.

ரெசிஸ்டர் சிறிதாவதால் மேல் ஆனோடில் 13.5 வோல்ட் கூடிவிடும், ஹெச்டியை அந்த அளவு இறக்கிவிடுங்கள்.

கேட்டவர்

100 ஓம் போட்டேன் அண்ணா. 8.7 வோல்ட் வரை இரண்டு பாதியும் சமமாக வருகிறது! ஆனால் கோடு தடித்துத் தெரிகிறது, பஞ்சு ஒட்டினது மாதிரி. கையைக் கிட்டே கொண்டுபோனால் மாறுகிறது.

பதில் 2

அது மெகாஹெர்ட்ஸில் ஊசலாட்டம். டிவி டியூனருக்கென்று பிறந்த வால்வு இது, வாய்ப்புக் கிடைத்தால் தானாகவே ஊசலாடும். இரண்டு கிரிட்டிலும் 330 ஓம் போடுங்கள். ரெசிஸ்டரின் கால் சாக்கெட் பின்னிலேயே ஒட்ட வேண்டும், 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது.

கேட்டவர்

ஒன்றை டேக் ஸ்ட்ரிப்பில்தான் (பாகங்களைப் பற்றவைக்கும் பட்டை) வைத்திருந்தேன், கம்பி விரலளவு நீளம். பின்னுக்கே மாற்றியதும் கோடு மெலிந்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா. இதிலேயே 32 ஓம் ஹெட்ஃபோன் ஓட்டலாமா?

பதில் 2

அதே 30 மில்லி ஆம்பியர்தான். 32 ஓமில் 0.96 வோல்ட் உச்சி, 14 மில்லி வாட். சத்தம் வரும். ஆனால் 35 ஓம் இம்பிடன்ஸோடு பேஸ் தளர்ந்துதான் கேட்கும். அதற்கு வேறு வால்வில் தனியாக ஒன்று கட்டுங்கள், இதை 300-க்கே விட்டுவிடுங்கள்.